வாத்தியார் நேரத்துக்கு யார் கணக்கு வைத்தது?



நம்ம பிள்ளைகளில் பலர் இப்போது பெற்றோர். உங்களில் நாலைந்து பேர் வெவ்வேறு சமயத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சார், பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க எப்பப் பாத்தாலும் போனைத் தட்டிக்கிட்டே இருக்காங்களாமே, பாடம் எப்ப சார் நடத்துவாங்க?" இதே விஷயத்தை, இப்போது பணியில் இருக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். அவரும் என் மாணவிதான். "பதிவு போடலைன்னா பள்ளிக்கு வர்றது வராது சார். நாங்க என்ன செய்ய?" என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். வரலாறு நடத்தியவன் என்பதால் இது எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

அரசாங்கம் பள்ளிக்குப் பணம் கொடுப்பதும், அதற்கு ஈடாகக் கணக்குக் கேட்பதும் கம்ப்யூட்டர் காலத்துச் சங்கதி இல்லை. பத்தாம் வகுப்பில் 'சார்லஸ் உட் அறிக்கை' என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்தீர்களே, 1854 ஜூலை 19 தேதியிட்ட அந்தக் கடிதம்தான் ஆரம்பம். எல்லா ஊரிலும் சொந்தமாகப் பள்ளி நடத்தக் கம்பெனி ஆட்சியிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை. ஆகவே மிஷனரிகளோ ஊர்க்காரர்களோ நடத்தும் பள்ளிக்கு உதவி மானியம் தருவது என்று முடிவானது. நல்ல நிர்வாகம் இருக்க வேண்டும், பிள்ளையிடம் கொஞ்சமாவது கட்டணம் வாங்க வேண்டும், அரசு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இன்ஸ்பெக்டர் வந்தால் அவர் பார்க்க ஏதாவது வேண்டுமே! அங்கே பிறந்தது பதிவேடு.

எதை வைத்துப் பணம் கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. வாத்தியார் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது ஒரு வழி. அவர் நேரத்துக்குத் தரும் கூலி அது. இங்கிலாந்தில் 1862ல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் வேறு வழி பிடித்தார். பிள்ளை ஒன்றுக்கு 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு, மீதி 8 ஷில்லிங் தேர்வுக்கு. இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. இந்தத் திட்டத்தால் செலவு குறையாவிட்டால் தரம் உயரும், தரம் உயராவிட்டால் செலவாவது குறையும் என்ற பொருளில் அவர் நாடாளுமன்றத்தில் பேசினார். நம்ம ஊர் வியாபாரிகூட இவ்வளவு பச்சையாகப் பேச மாட்டார்.

1860களின் இறுதியில் அந்த முறை மதராஸ் மாகாணத்துக்கும் கப்பலேறி வந்துவிட்டது. தேர்ச்சிக்குத் தக்க மானியம். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூட அண்ணாவிமார்கூட இதற்குள் இழுக்கப்பட்டார்கள். மணலில் எழுதிப் பழக்கியவர் இப்போது இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்தார்.

இது எப்படிப்பட்ட முறை என்று விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு, வீட்டில் பெட்டி ஒட்டினால் குரோசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வளர்ந்த குடும்பங்கள் நாம். ஒரு குரோஸ் 144 என்பது வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே நமக்குத் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, 1923ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வாத்தியாருக்குப் பீஸ் ரேட் வந்துவிட்டது. தேறிய தலைக்கு இவ்வளவு!

பீஸ் ரேட்டில் கை வேகம் கூடும். எண்ணப்படுவது பெருகும். எண்ணப்படாதது தேயும். மருந்துக் கட்டடத்தில் வேகம் கூடினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வகுப்பறையில் வெடிச்சத்தம் கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வாசகப் புத்தகத்தை வருஷம் முழுக்க உருப்போட வைத்தார்கள். தேறாத பிள்ளை காசு தராத பிள்ளை ஆகிவிட்டது. இங்கிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, தன் வேலையே இந்தத் தேர்வை நடத்துவதாக இருந்தும், இது கல்வியை எந்திரமாக்குகிறது என்று தொடர்ந்து எதிர்த்தார். கடைசியில் கர்சன் காலத்து 1904 கல்வித் தீர்மானம் இதைக் கைவிடச் சொன்னது. 1906 வாக்கில் இந்தியாவில் இந்த முறை முடிந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம், அதாவது இரண்டு தலைமுறைப் பிள்ளைகள்.

அதே காலத்தில் நம் மாவட்டத்தில் வேறொரு கணக்கும் நடந்தது. விருதுநகரில் 1889ல் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி. வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசிதான் வாத்தியார் சம்பளமாக மாறியது. அங்கே இன்ஸ்பெக்டரைவிடக் கண்டிப்பான தணிக்கையாளர் அரிசி போட்ட அம்மாதான். வாத்தியார் வரவில்லையென்றால் அன்று மாலையே தெருவுக்குத் தெரிந்துவிடும். இதை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே கட்டிக்கொண்ட ஏற்பாடு அது. பிடி அரிசிக்கும் வழியில்லாத தெருக்களுக்கு அதனால் பள்ளி வந்துவிடாது. எல்லாத் தெருவுக்கும் பள்ளி வர அரசாங்கப் பணம்தான் வேண்டும். அரசாங்கப் பணம் என்றால் பதிவேடும் கூடவே வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது அதுதான். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ல் மதிய உணவு தொடங்கியது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். சாப்பிட்ட பிள்ளை எத்தனை என்று தினமும் எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒரு எண்ணும் சாப்பாட்டுப் பதிவேட்டில் வேறு எண்ணும் இருந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குச் சரியானது என்றே நான் நினைக்கிறேன். வயிற்றுக்குப் போகும் அரிசிக்குக் கணக்கு இல்லையென்றால் அது வேறு எங்கோ போய்விடும்.

உதவி பெறும் பள்ளிகளின் கதை வேறு. மானியம் நிர்வாகியின் கைக்கு வந்து, அங்கிருந்து ஆசிரியருக்குப் போன காலம் உண்டு. பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் கிடைப்பது வேறு தொகை என்ற நிலைமை பல இடங்களில் இருந்ததை என் மூத்த ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சம்பளம் நேராக ஆசிரியருக்கே என்ற முறையும், தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகுதான் அவர்கள் நிமிர்ந்தார்கள். அதுவரை அரசாங்கத்திடம் இருந்த பதிவேடு ஒரு பிசகும் இல்லாமல்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர் கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் சரி. உள்ளே இருந்ததுதான் பொய்.

இன்றைக்கு ஆசிரியர் பணியிடம் மாணவர் தலைக்கணக்கை ஒட்டியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். தமிழ்நாட்டில் ஆகஸ்டு 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். அந்த 61ஆவது பிள்ளை எவ்வளவு பெரிய ஆள் பாருங்கள்! ஜூன் மாத வெயிலில் வாத்தியார் டீச்சர்மார் சந்து சந்தாக ஏறி இறங்குவது அந்தப் பிள்ளைக்காகத்தான். பிள்ளை ஒன்று வேலைக்குப் போய்விட்டால் பின்னாலேயே ஓர் ஆசிரியரும் போய்விடுவார். மிச்சமிருக்கும் 60 பேர் இரண்டு பேர் கையில்.

பிள்ளை வேலைக்குப் போவது நம் ஊரில் வெறும் பேச்சு இல்லை. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1987ல் தேசியக் கொள்கை. அடுத்த வருஷமே தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. ஆபீசிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, சாப்பாடு, கைத்தொழில், மாதாமாதம் சிறு உதவித்தொகை. நம் சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை வாங்கியவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்தச் சிறப்புப் பள்ளிகளில் பாடம் சொன்னவர்களுக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம். உங்களில் இரண்டு மூன்று பேரே அங்கே வேலை பார்த்தீர்கள். மத்திய அரசின் பணம் தவணையாக வரும். முந்தின தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது வரும். சான்றிதழ் சுணங்கினால் மதிப்பூதியமும் சுணங்கும். பிள்ளையைப் படிக்க வைத்த வேலை முடிந்திருக்கும், அதைக் காகிதத்தில் காட்டும் வேலை முடிந்திருக்காது. 2021ல் இந்தத் திட்டத்தைச் சமக்ர சிக்ஷாவோடு சேர்த்துவிட்டார்கள்.

என் பள்ளியிலும் திங்கள்கிழமை வராத பிள்ளைகள் உண்டு. தீபாவளி நெருங்கினால் வாரக்கணக்கில் வராத பிள்ளைகளும் உண்டு. சாயங்காலம் பள்ளி விட்ட பின் அந்த வீடுகளுக்குப் போவேன். அம்மா ஆபீசிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பேன். வந்ததும், "சார், இந்த ஒரு சீசன் மட்டும்" என்பார். பேசிப் பேசி இரவு ஏழு மணி ஆகிவிடும். அந்தப் பிள்ளை புதன்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், பதிவேட்டில் ஒரு சின்னக் குறி விழும். அந்தக் குறிக்குப் பின்னால் போன மூன்று மணி நேரத்தை எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இருந்ததில்லை. இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் என்னைவிட அதிகம் நடந்தவர்கள்.

சரி, அப்படியானால் கணக்கே வேண்டாமா? வேண்டும். ராஜஸ்தான் உதய்பூரில் நடந்த இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

சேவா மந்திர் என்ற அமைப்பு அங்கே குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்துகிறது. ஆசிரியர்கள் வருவது பாதி, வராதது பாதி. 2003ல் சில பள்ளிகளுக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். காலையும் மாலையும் ஒரு பிள்ளை, ஆசிரியரையும் மற்றப் பிள்ளைகளையும் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்திலேயே விழும். வந்த நாளைப் பொறுத்துச் சம்பளம். கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாள் நூற்றுக்கு 42. கேமரா இருந்த பள்ளிகளில் 21. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது. ஆராய்ந்தவர்களில் எஸ்தர் டுஃப்லோ 2019ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அடுத்து, அதே மாவட்டத்தில் அரசு துணைச் சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் நேரம் பதிக்கும் எந்திரம் வைத்தார்கள். தொடக்கத்தில் நல்ல பலன். ஒன்றரை வருஷத்துக்குள் எல்லாம் பழையபடி. காரணம் எந்திரம் இல்லை. 'இன்று வேறு பணி, இந்த நாளுக்கு விலக்கு' என்று நிர்வாகமே எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. வராத நாள் ஏட்டில் விலக்கு நாளாக மாறியது. நிலையம் பூட்டியேதான் கிடந்தது. ஊர்க்காரர்களும் அரசு நிலையத்தின்மேல் நம்பிக்கை இழந்திருந்ததால் கேட்க ஆளில்லை.

எந்திரம் இரண்டு இடத்திலும் உண்மையைத்தான் சொன்னது. ஓர் இடத்தில் அதைக் கேட்க ஆள் இருந்தது. இன்னோர் இடத்தில் இல்லை.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் நேரக் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டுக்கு 220 நாள், 1,000 மணி நேரம். ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம். தயாரிப்பு நேரமும் அதில் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. பாடம் நடத்துவதைத் தவிர மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே ஆசிரியரை அனுப்பலாம் என்கிறது 27ஆவது பிரிவு.

ஆனால் 'எமிஸ்' இணையத்தில் ஆசிரியர் பதிவது எதை? மாணவர் வருகை, தன் வருகை, இலவசப் பொருள் கொடுத்த விவரம், பிள்ளையின் ஆதார், வங்கி விவரம் என்று நீளும். வந்தாரா என்பதற்குக் கட்டம் உண்டு. வந்த பின் அந்த 45 மணி நேரம் எங்கே போனது என்பதற்கு? அதைப் பிரித்துச் சொல்ல இடமில்லை. பதிவு செய்வதற்கே எத்தனை மணி நேரம் போகிறது என்பதும் அதில் ஏறாது. கணக்கு எழுதும் நேரமே கணக்கில் இல்லை! இவ்வளவும் எழுதினாலும் பணம் வரும் என்று உறுதி கிடையாது. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அரசியலில் எந்தப் பக்கம் நியாயம் என்பதை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு விட்டுவிடுகிறேன். பதிவேட்டை ஒழுங்காக நிரப்பிய ஆசிரியரால் அதில் எதுவும் செய்ய முடியாது என்பது மட்டும் என் பேச்சு.

வேறு இடத்தில் எப்படிச் செய்கிறார்கள்? என் மாணவி ஒருவர் அமெரிக்காவில் ஒரு பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார். திக்குவாய், காது கேளாமை உள்ள பிள்ளைகளுக்கு. அங்கே ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம் மெடிக்கெய்ட். பள்ளி ஊழியர் அந்தத் திட்டத்துக்காகச் செலவிட்ட நேரத்துக்கு மத்திய அரசிடம் பணம் கோரலாம். நிர்வாக வேலையென்றால் பாதிப் பங்கு. இதற்காக எல்லோரும் நாள் முழுக்க நேரம் எழுத வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போல ஏதோ ஒரு நாளின் ஏதோ ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்து, "அந்த நிமிஷத்தில் என்ன செய்தீர்கள்? யாரோடு? எதற்காக?" என்று ஒருவரிடம் கேட்கும். மூன்றே கேள்வி. இப்படி ஆயிரக்கணக்கான நிமிஷங்களைச் சேர்த்தால் மொத்த நேரம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டி சொன்னதைத்தான் புள்ளியியல் ஆக்கியிருக்கிறார்கள். அங்கேயும் குறை உண்டு. பாடம் நடத்திய நிமிஷத்துக்கு அந்தக் கணக்கில் காசு இல்லை. மருத்துவத்தோடு சேர்ந்ததுக்குத்தான் காசு. ஆனாலும் 'எதற்காக' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. 1854லிருந்து நம்மிடம் யாரும் கேட்காத கேள்வி.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். ஆசிரியரின் நேரம் மக்கள் பணத்தில் வாங்கியது, அதற்குக் கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. அந்தக் கணக்கில் நான்கு கட்டம் வேண்டும்: பாடம் நடத்தியது, அதற்குத் தயார் செய்தது, பிள்ளையைத் தேடிப் போனது, பிற வேலை. தினமும் வேண்டாம். குலுக்கல் முறையில் பருவத்துக்குச் சில நாள் போதும். அதை மேலே அனுப்புவதற்கு முன்னால் ஊரில் வாசித்துக் காட்ட வேண்டும்.

வாசித்துக் காட்ட இடம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நம் ஊரில் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறவர்கள். 'படிக்காதவங்க எங்களுக்கு என்ன தெரியும்' என்று கூட்டத்தில் ஒதுங்கி உட்கார வேண்டாம். எத்தனை கட்டை, எத்தனை குரோஸ் என்று கணக்குப்பிள்ளையிடம் ஒன்றுகூட விடாமல் எண்ணி வாங்குகிறவர்கள் நீங்கள். உங்களைவிடக் கூர்மையான தணிக்கையாளர் யார்?

அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த மாதம் எத்தனை மணி நேரப் பாடம் நடந்தது? எத்தனை மணி நேரம் வேறு வேலைக்குப் போனது? ஆசிரியரை மடக்குவதற்காகக் கேட்காதீர்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், அதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். ஆசிரியர் ஒருவர் தனியாக எழுதினால் அது புகார். ஊரே எழுதினால் அது பதிவேடு.

குழுவில் இருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் எனக்கு அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். நானும் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.